எந்தப் பெரிசு?

எங்கள் வார்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டைகள் ஐந்து இருக்கின்றன. குழந்தைகள் வார்டு என்பதால் ஐந்து. பல இடங்களில் ஒன்றை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். பிறந்து நாலு நாளான குழந்தைக்குச் சுற்றுகிற பட்டை என் நடுவிரல் நீளம்கூட வராது. மீசை அரும்பும் வயதில் வந்து சேர்கிறவர்களுக்குக் கடைசிப் பட்டை. நடுவில் மூன்று. எங்கள் வார்டில் அவற்றுக்குப் பொடிசு, சின்னது, நடு, பள்ளிக்கூடம், பெரிசு என்று பெயர். பத்தொன்பது வருடமாக இந்தப் பெயர்கள்தான். வைத்தது நான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் ஒன்று உண்டு.

பட்டை விஷயத்தில் எனக்கு மூக்கு நுனியில் கோபம் இருக்கும். பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி முதல் வாரமே மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சிஸ்டர், நாலாம் கட்டில் பாப்பாவுக்கு பிரஷர் ரொம்ப எறங்கிடுச்சு."

போய்ப் பார்த்தால் நாலு வயதுப் பாப்பா பிஸ்கட்டைக் கடித்தபடி காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கையில் பெரிசு. அக்குளில் ஆரம்பித்து முழங்கையைத் தாண்டி நிற்கிறது.

"இது பட்டையா, போர்வையா?" என்றேன். "பட்டை கைக்குப் பெரிசா இருந்தா பிரஷரைக் கொறைச்சுக் காட்டும். சின்னதா இருந்தா கூட்டிக் காட்டும். இந்தக் கொழந்தைக்கு எறங்கல. உனக்குத்தான் இப்ப ஏறியிருக்கு."

அன்று அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைக் குழந்தைக்குப் பார்க்கும்போது மெஷினைக் குழந்தை அளவுக்கு மாற்ற மறந்தால், பெரியவர்களுக்கு அமுக்குகிற அமுக்கு அமுக்கி அந்தக் கை கன்றிப்போகும். பட்டை பிரிந்துகொண்டால் கையால் பிடித்துக்கொண்டு பார்க்கக் கூடாது. பட்டையின் உள்பக்கம் இரண்டு கோடு போட்டிருப்பார்கள், சுற்றி முடித்தால் ஓரம் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து விழ வேண்டும். அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஊருக்கு உபதேசம் செய்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

என் அண்ணன் பஸ் டிரைவர். டிப்போவில் அவனுக்கு 'மலை' என்று பெயர். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவன் உட்கார்ந்தால்தான் டிரைவர் சீட்டுக்கே ஒரு மரியாதை வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடச் சட்டை அவனுக்குப் போட்ட மாதத்திலேயே அக்குளில் கிழியும். கடையில் வாங்கிய எதுவும் அவனுக்குச் சரியாக இருந்ததில்லை. அதனால்தான் தையல்காரரை மாப்பிள்ளை பார்த்தான் என்று என் கல்யாணத்தில் கேலி செய்தார்கள்.

நாலு மாதம் முன்னால் டிப்போவில் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை நடந்தது. பிரஷர் நூற்று நாற்பதுக்கு மேல், தொண்ணூறுக்கு மேல் போனால் வண்டி தர மாட்டார்கள். அண்ணனுக்கு நூற்றைம்பத்தெட்டு, தொண்ணூற்றெட்டு. வண்டியை வாங்கிக்கொண்டு அவனை டிப்போ கேட்டில் உட்கார வைத்தார்கள். உள்ளே வருகிற, வெளியே போகிற வண்டியின் நம்பரைக் குறித்துக்கொள்கிற வேலை. மூன்று வாய்ப்பு உண்டு. மூன்றாவது தடவையும் தவறினால் ஸ்டியரிங்கை அவன் மறந்துவிட வேண்டியதுதான். கேட்டில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறவர் போன வருடம் அப்படி மூன்றையும் கோட்டை விட்டவர். அண்ணன் போய் உட்கார்ந்த முதல் நாள் அவர் சொன்ன ஒரே வார்த்தை: "பழகிடும்."

அண்ணனுக்குப் பழகவில்லை. இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன். தன் வண்டியை வேறொருவன் கியர் மாற்றத் தெரியாமல் கறகறவென்று ஓட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டுவதைத் தினமும் பார்த்து நம்பர் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை என்று அண்ணி சொன்னாள்.

நர்ஸ் தங்கச்சி இருக்கும்போது விடுவேனா? முதல் கேள்வியே அதுதான் கேட்டேன்.

"அண்ணா, பெரிய பட்டைதானே போட்டாங்க?"

"பெரிசுதான்னு சொன்னாங்க பாப்பா." எனக்கு நாற்பத்து மூன்று வயது. அவனுக்கு நான் இன்னும் பாப்பா.

நம்பாமல் டிப்போவின் பரிசோதனை அறைக்கே போன் போட்டேன். அண்ணனுக்குப் பிரஷர் பார்த்த தம்பி எடுத்தான்.

"பெரிசுதாம்மா. இங்க என்ன கொழந்தைங்களா வருது?"

அதோடு என் சந்தேகம் தீர்ந்தது. அண்ணன் மேல் பாய்ந்தேன். உப்பைக் குறை என்றேன். அண்ணி உப்பு டப்பாவையே பரண்மேல் ஏற்றினாள். நட என்றேன், விடிந்ததும் நடந்தான். அவனைப் பார்க்கிற டாக்டர் டிப்போ சீட்டைப் பார்த்து மாத்திரை எழுதினார். ஞாயிறுதோறும் வீட்டு மெஷினை எடுத்துக்கொண்டு போய் நானே பார்த்தேன். காற்று ஏற ஏற பட்டை பர்ரென்று பிரிந்துகொள்ளும். "மலையைக் கட்ட முடியுமா?" என்று பிள்ளைகள் சிரிக்கும். அண்ணனும் சிரிப்பான். ஒட்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். நான்தான். பயிற்சிப் பெண்ணுக்குப் பாடம் எடுத்த அதே நான்தான்.

எவ்வளவு செய்தும் நம்பர் போதுமான அளவு இறங்கவில்லை. இரண்டாவது பரிசோதனையில் நூற்று நாற்பத்தெட்டு. டாக்டர் இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். அதன் பிறகு ஒரு நாள் அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"குனிஞ்சு ஷூ போட்டுட்டு எந்திரிச்சா செவுத்தப் பிடிக்கிறாரு. தலை சுத்துதாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

"மாத்திரை ஒடம்புக்குப் பழகணும் அண்ணி. கொஞ்ச நாள்ல சரியாயிடும்," என்றேன்.

கேட்டில் அந்த மனிதர் சொன்ன அதே வார்த்தை. நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாவது பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வார்டுக்குப் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி காய்ச்சலோடு வந்தாள். குண்டு எறிகிற போட்டிக்குப் போகிறவள். உலக்கை மாதிரிக் கை. வந்த சீட்டில் பிரஷர் அதிகம் என்று எழுதியிருந்ததால் அவளுடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். பயிற்சிப் பெண் பெரிசை எடுத்துச் சுற்றினாள். காற்று ஏறியதும் பர்ரென்று பிரிந்தது. இரண்டாவது தடவையும் பர்ர்.

"தள்ளு," என்று சொல்லிவிட்டு, பட்டையை மறுபடி சுற்றி இரண்டு கையாலும் பிடிக்கப் போனேன்.

"சிஸ்டர், கையால பிடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

குரலில் குறும்பு இல்லை. நோட்டைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, மனப்பாடமாகச் சொன்னாள். நான் கையை எடுத்தேன். அப்போதும் ஒட்டுதான் தேய்ந்திருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து ஆண்கள் வார்டில் புதிதாக ஒட்டுகிற பெரிசு ஒன்று இருந்தால் வாங்கி வரலாம் என்று கிளம்பினேன்.

ஆண்கள் வார்டு சிஸ்டரை எல்லோரும் கமாண்டர் அக்கா என்போம். அவர் நடந்து வந்தால் நோயாளிகளே எழுந்து படுக்கையைச் சரிசெய்வார்கள்.

"அக்கா, உங்ககிட்ட பெரிசு இருக்கா?"

"எந்தப் பெரிசு? மூணாம் கட்டில் பெரிசு காலையில வீட்டுக்குப் போயிடுச்சு. அஞ்சாம் கட்டில் பெரிசு தூங்குது. எழுப்பணுமா?"

"பட்டைக்கா. பிரஷர் பட்டை. இதே மாதிரி பெரிசு, நல்லா ஒட்டுறது." கையில் இருந்ததை நீட்டினேன்.

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கடி பெரிசு? இது சாதா." அலமாரியைத் திறந்து மேசையில் மூன்றை எடுத்துப் போட்டார். "இது சாதா. இது பெரிசு. இது தொடை, ரொம்பத் தடிச்ச கைக்கு இதான். நீ கொண்டு வந்தது சாதா. ஓரத்துல சென்டிமீட்டர்ல போட்டிருக்கான் பாரு. இருவத்தேழுலேர்ந்து முப்பத்துநாலு வரைக்கும்தான்."

பார்த்தேன். பத்தொன்பது வருடமாக என் கையில் இருக்கிற பட்டையில், என் கண்ணெதிரில், எழுதித்தான் இருந்தது. பெரியவர்களிலும் பல அளவு உண்டு என்று நானும் ஒரு காலத்தில் பரீட்சைக்குப் படித்தவள்தான். பிறகு பொடிசுகளுக்கு நடுவில் வாழ்ந்து வாழ்ந்து, பெரியவர் பட்டை என்றாலே எனக்குப் பெரிசு ஆகிவிட்டது. இருக்கிற ஐந்தில் அதுதானே பெரிது. கமாண்டர் அக்காவின் பெரிசு மேசையில் கிடந்தது. என் பெரிசைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல்.

இங்க என்ன கொழந்தைங்களா வருது என்று அந்தத் தம்பி கேட்டது காதில் ஒலித்தது. அவன் பொய் சொல்லவில்லை. நான் என் பெரிசைக் கேட்டேன். அவனும் அந்தப் பெரிசைத்தான் சொன்னான். இரண்டு பேரும் ஒரே தப்பை ஒருவருக்கொருவர் சரி பார்த்துக்கொண்டோம்.

"என்னடி, நிக்கிறவ ஒக்காந்துட்ட?" என்றார் கமாண்டர் அக்கா. நான் உட்கார்ந்தது எனக்கே தெரியவில்லை.

குண்டு எறிகிற பெண்ணுக்கு அந்தப் பட்டை கச்சிதமாகச் சுற்றியது. பிரஷரில் ஒரு கோளாறும் இல்லை. அவளுடைய அம்மா இன்னொரு தடவை அழுதார்; அது வேறு அழுகை.

வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"எங்கண்ணன் கை எத்தனை சுத்தளவு இருக்கும்?"

"நோட்டுல பாரு," என்றார், தலையைத் தூக்காமல்.

அளவு நோட்டில் பதினொரு வருடம் முன்பே எழுதியிருந்தார். மச்சான். சட்டை. நெஞ்சு, தோள், நீளம். மேல்கைச் சுற்று: பதினாறரை. தெரு முழுக்கத் தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால், நான் தினம் கூட்டிப் பெருக்குகிற அறையிலேயே பதில் இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அப்படி நான் நாலு மாதம் அலைந்திருக்கிறேன்.

அவர் கழுத்திலிருந்த டேப்பை இழுத்து மறுபக்கம் திருப்பினார். "பதினாறரைன்னா நாப்பத்திரண்டு சென்டிமீட்டர். எதுக்கு?"

சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் சொன்னார்:

"எங்க தொழில்ல யாராவது நோட்டுல பெரிசு, சின்னதுன்னு எழுதுவானா? எழுதினா துணி போச்சு. இஞ்ச்ல எழுதணும். நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க."

வேறு நாளாக இருந்தால் அந்த 'பெரிய படிப்பு'க்கு நான் கொடுத்திருக்க வேண்டியது நிறைய. அன்று அளவு நோட்டை மூடி வைத்தேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் யார் மேல் என்று நன்றாகவே தெரிந்தது.

சாயங்காலம் கமாண்டர் அக்காவிடம் இரவல் வாங்கிய பட்டையோடு இரண்டு பேரும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் முதலில் டேப்பை வைத்து அளந்தார்.

"பதினாறு. மச்சான், அரை இஞ்ச் எளச்சிட்டீங்க."

நாலு மாதத்தில் அண்ணன் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அதுதான். காலை ஊன்றி, முதுகைச் சாய்த்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னேன். பட்டையைச் சுற்றினேன். ஓரம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து விழுந்தது. காற்று ஏறியது. பர்ரென்ற சத்தத்துக்காகப் பிள்ளைகள் காத்திருந்தன. சத்தம் வரவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு, எழுபது. இன்னொரு தடவை பார்த்தேன். மற்ற கையிலும் பார்த்தேன். அதேதான்.

"ரெண்டு மாத்திரை போட்டு இதுண்ணா," என்றேன். "அதான் தலை சுத்தியிருக்கு. உனக்கு இவ்வளவு மாத்திரை வேண்டியதே இல்ல."

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"கொஞ்சம் இருக்கு. அவங்க சொன்ன அளவுக்கு இல்ல."

அண்ணி சுவரில் சாய்ந்து நின்றாள். "செவுத்தப் பிடிச்சவரு வண்டில ஏறியிருந்தா?" என்றாள். மாத்திரையில் நான் கை வைக்கவில்லை. மறுநாள் காலையே பட்டையும் டேப்புமாக அவனுடைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் தன் கையால் பார்த்துவிட்டு சீட்டில் ஒரு மாத்திரையை அடித்தார், இன்னொன்றைப் பாதியாக்கினார். உப்பு மட்டும் பழையபடி வேண்டாம், கொஞ்சமாக இருக்கட்டும் என்றார்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க," என்றான் அண்ணன் வெளியே வந்ததும். "நாலு மாசமா அந்தக் குப்பையத் தின்னிருக்கேன்."

மூன்றாவது பரிசோதனைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். என் வீட்டுக்காரரும் கடையைச் சாத்திவிட்டு, கழுத்தில் டேப்போடு வந்தார். போகிற வழியெல்லாம் அங்கே என்ன சண்டை போடலாம் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். மாதக்கணக்கில் ஒரு மனிதனைக் கேட்டில் உட்கார வைத்தவர்களைச் சும்மா விடுவதா?

போனில் பேசிய தம்பிதான் இருந்தான். சின்னப் பையன் இல்லை, முப்பது வயதிருக்கும். அண்ணன் கையில் அதே சாதாவைச் சுற்ற ஆரம்பித்தான்.

"தம்பி, இது அவருக்குச் சேராது," என்றேன்.

"பெரிசுதாம்மா இது."

வரிசைப்படுத்தி வைத்திருந்த சண்டையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் முகத்தில் என் முகம் தெரிந்தால் எப்படிச் சண்டை போடுவது? "நானும் அப்படித்தான் தம்பி சொல்லிட்டிருந்தேன்," என்றேன். என் வீட்டுக்காரர் டேப்பை அவனிடமே கொடுத்தார். அவன் அளந்தான். நாற்பத்தொன்று. பட்டையின் ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தான். மறுபடி டேப்பைப் பார்த்தான். எழுந்து உள்ளே போய் டாக்டரைக் கூட்டி வந்தான்.

டாக்டர் வயதானவர். அதிகம் பேசவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் துழாவி ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். மெஷினோடு வந்த பட்டை. உறைகூடப் பிரிக்கவில்லை.

"என்னிக்கு வந்தது இது?" என்று கேட்டார்.

டாக்டரே பட்டையைச் சுற்றினார். அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூச்சை விடச் சொல்லி, ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தார். நூற்றிருபத்தெட்டு, எண்பத்திரண்டு. இன்னொரு தடவை. நூற்றிருபத்தாறு, எண்பது. தாளை எடுத்து 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மன்னிச்சுக்குங்க," என்று சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அண்ணன் தாளைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிச்சிக்கல பாரு பாப்பா," என்றான். "இத்தனை நாளா தப்பு என் கை மேலதான்னு நெனச்சிட்டிருந்தேன்."

"உன் கை மேல இல்லண்ணா. தப்பு என் மேல."

"நீ எனக்குச் சரியா இருக்கிற ஒண்ணத் தேடிப் பிடிச்சிருக்க. நம்ம அம்மாவாலயே அது முடியல," என்று சொல்லிவிட்டு எழுந்தான். தம்பி பட்டையைக் கழற்றி, பழக்க தோஷத்தில், மறுபடி உறைக்குள் போட்டு அலமாரிப் பக்கம் திரும்பினான்.

"தம்பி, அத உள்ள வச்சிடாத," என்றான் அண்ணன்.

எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் டாக்டரிடம் திரும்பினான். இருபத்திரண்டு வருடத்தில் யாரிடமும் எதற்கும் கேட்டு நின்றவன் இல்லை, அதனால் குரல் கொஞ்சம் தடுமாறியது.

"கேட்ல எனக்குப் பக்கத்து நாற்காலில ஒருத்தர் இருக்காரு டாக்டர். போன வருஷம் மூணு தடவையும் போயிடுச்சு. இங்கதான் பாத்தாங்க. அவரு கை என் கையவிடப் பெரிசு."

தம்பியின் கையில் உறை அப்படியே நின்றது. பிறகு நான், அந்தத் தம்பி, என் வீட்டுக்காரர் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்:

"எத்தனை இஞ்ச்?"